பிள்ளைகுட்டிக்கு ஐந்து

கணக்குப்படி வேகம் நூற்றுப் பத்தொன்பது. துணை விமானி நிலோஃபர் அதைச் சத்தமாகச் சொல்லி, வேகம் காட்டும் பட்டையில் குறியையும் அங்கே வைத்து, "பார்த்துக்கோங்க கேப்டன்" என்றாள். தஸ்நேவிஸ் பார்த்தார், தலையை அசைத்தார். இந்த எடைக்கு இந்த விமானம் இறங்க வேண்டிய வேகம் நூற்றேழு. மேற்கிலிருந்து வரும் மேல்காற்று பதினெட்டில் அடிக்கிறது, நடுநடுவே முப்பதுக்கு எகிறுகிறது என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்காரர் சொல்லியிருந்தார். வித்தியாசம் பன்னிரண்டு. எகிறிய காற்று எந்த நேரமும் காலை வாரிவிடும், வாரிவிட்டால் அந்தப் பன்னிரண்டும் விமானத்தின் வேகத்திலிருந்துதான் போகும், ஆகவே பன்னிரண்டை முன்கூட்டியே கையில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். பள்ளிக்கூடப் பையன் போடுகிற கூட்டல். இதில் கொடி பிடிக்கவோ கோஷம் போடவோ ஒன்றும் இல்லை. ஆனால் கை கேட்கவில்லை. குறி நூற்றுப் பத்தொன்பதில் இருக்க, விசைப்பிடியில் இருந்த கை தன்பாட்டில் கொஞ்சம் முன்னே தள்ளி, நூற்றிருபத்து நான்கில் போய் நின்றுகொண்டது. அது அவருடைய ஐந்து. முப்பது வருஷத்துக்கு முன்னால் அவரைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்துப் பறந்த ஒரு பஞ்சாபிக் கேப்டன் கொடுத்த ஐந்து. "கணக்கு புத்தகத்துக்கு. இந்த அஞ்சு பெண்டாட்டி பிள்ளைகளுக்கு" என்று மீசைக்குள் சிரித்துக்கொண்டு அவர் தள்ளுவார். எல்லா விமானிகளிடமும் இப்படி ஒன்று உண்டு, யாரும் எழுத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பன்னிரண்டும் ஐந்தும் பதினேழு. காற்றுக்காக எவ்வளவு கூட்டினாலும் பதினைந்தைத் தாண்டக் கூடாது என்று புத்தகம் சொல்கிறது. சொல்லட்டும். புத்தகம் எழுதியவனுக்கு இந்த ஊர் ஆடி மாதம் தெரியுமா? மனைவி செலின் இருந்தவரைக்கும் அந்த ஐந்துக்கு ஒரு முகவரி இருந்தது. அவள் போய் இரண்டாவது நினைவுநாளும் கழிந்துவிட்டது. மகன் கனடாவில், ஞாயிற்றுக்கிழமை போன் செய்து சாப்பிட்டீங்களா என்று கேட்பதோடு சரி. அப்படியானால் இப்போது இந்த ஐந்து யாருக்கு? கேள்வி எழும்பியதும் அதை அமுக்கினார். பின்னாலிருந்து கிராம்பு வாசனை வந்தது.

விமானிகளின் அறைக்குள் மூன்றாவது இருக்கை ஒன்று உண்டு. கதவை ஒட்டி, முட்டி மடக்கி உட்கார வேண்டிய பலகை மாதிரி இருக்கை. வருஷத்துக்கு ஒருமுறை அதில் ஒரு பரிசோதகர் வந்து உட்கார்ந்து, ஓட்டுகிறவனின் பிடரியைப் பார்த்துக்கொண்டே வருவார். இந்த வருஷம் வந்திருப்பவர் சேதுமாதவன். வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொள்ளும் பழக்கம் அன்றைக்கும் உண்டு, சிகரெட்டை விட்ட நாளிலிருந்து. விமானிகள் சங்க அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ராத்திரி பகலாக அவர்கள் துண்டறிக்கை எழுதியபோது மேசையெல்லாம் கிராம்புதான் கிடக்கும். பழைய கம்பெனி, இப்போது மூடிப் பூட்டுப் போட்டாகிவிட்டது. அங்கே விமானிகள் வேலைநிறுத்தம் நடந்தபோது தஸ்நேவிஸ் செயலாளர், சேதுமாதவன் இணைச் செயலாளர். இப்போது தஸ்நேவிஸ் ஐம்பத்தெட்டு வயதில் சின்ன ஊர்களுக்கு விசிறி விமானம் ஓட்டுகிறார். சேதுமாதவன் அவரைச் சோதிக்கிறார். மேலே பறந்துகொண்டிருந்தபோது, பேச அனுமதி உள்ள உயரத்தில், சேதுதான் ஆரம்பித்தார். "என்னங்க கேப்டன், சொந்த ஊர்ல போய் இறங்கறீங்க. மாலை மரியாதையெல்லாம் உண்டுங்களா?" என்றார். "எங்க ஊர்ல மாலை ரெண்டு பேருக்குத்தான். மாப்பிள்ளைக்கு, இல்லன்னா பொணத்துக்கு" என்றார் தஸ்நேவிஸ், திரும்பாமல். "நீங்க எதுக்கு வாங்கிட்டு வந்திருக்கீங்களோ." நிலோஃபர் சிரித்துவிட்டு, சிரிக்கலாமா என்று யோசித்து, "ரெண்டு பேரும் பழைய ஃப்ரெண்ட்ஸா சார்?" என்று கேட்டாள். "ஆமாம்மா" என்றார் சேது. "இல்ல" என்றார் இவர். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. ஆம்பூர்ப் பெண், கெட்டிக்காரி, உடனே மானிகளைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். அதற்கப்புறம் விமானம் தாழ ஆரம்பித்தது. தாழும்போது வேலைப் பேச்சு தவிர வேறு பேச்சு கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்துக்குள் சேது வசதியாக உட்கார்ந்துகொண்டார். அவர் வாய்மூடி இருப்பது சட்டத்துக்காகவா, அல்லது பார்க்கலாம் இந்த வீராதிவீரன் என்ன கிழிக்கிறான் என்றா? மௌனத்துக்கு அர்த்தம் வைத்துக்கொள்கிறவனுக்குத் தூக்கம் கிடையாது. தஸ்நேவிஸுக்கு நேற்றும் தூக்கமில்லை. சோதனையில் தேறாமல் போகிற பயமெல்லாம் இல்லை, கையும் காலும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஒன்றே ஒன்றுதான் வேண்டும். முதல் தடவையிலேயே இறங்க வேண்டும். இந்தக் காற்றில், இந்தக் குட்டை ஓடுபாதையில், அந்த மனிதன் பார்க்க, தூக்கிக்கொண்டு போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் வருகிற கதை இன்றைக்கு நடக்கக் கூடாது. விமானி சுற்றிப் போவதில் அவமானம் ஒன்றும் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவரே அவர்தான். ஆனால் ஊருக்குச் சொன்னது வேறு, சேதுவின் கண் முன்னால் பின்வாங்குவது வேறு.

கடலுக்கு மேலே வந்து, மேற்கே மூக்கைத் திருப்பி, துறைமுகத்தின் பாரந்தூக்கிகளை இடதுபக்கம் விட்டபோது விமானம் குலுங்கியது. மேல்காற்றை அவர்கள் தெருவில் கச்சான் என்பார்கள். மலையிடுக்கில் நுழைந்து, கயத்தாற்றுக் காற்றாலைகளையெல்லாம் சுழற்றிவிட்டு, புழுதியும் சூடுமாக வந்து கடலில் விழுகிற காற்று. பட்டையில் எண்கள் மேலும் கீழும் ஓடின. நூற்றிருபத்தாறு, நூற்றுப் பதினேழு, நூற்றிருபத்தைந்து. விரட்டக் கூடாது. ஒவ்வோர் எண்ணையும் விரட்டிப் பிடிக்கப் போகிறவன் கடைசியில் காற்றுக்குப் பின்னாலேயே ஓடிக்கொண்டிருப்பான். விசையை ஒரு நிலையில் வைத்துவிட்டு, காற்று தன் ஆட்டத்தை ஆடட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும், ரொம்பவும் இறங்கினால்தான் தொட வேண்டும். கூட்டத்தைக் கட்டி மேய்த்தவனுக்கு இது தெரியும். ஒருத்தன் போகலாம் என்பான், ஒருத்தன் இருக்கலாம் என்பான், தலைவனாக இருப்பவன் ஒவ்வொருத்தனுக்கும் தலையாட்டினால் தீர்ந்தது. "கூட்டம் கலையற நேரத்துலதாம்ல தொண்டையத் தொறக்கணும்" என்பார் அப்பா. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வீட்டுக்கு வரும்போது தீபாவளி மலரா கொண்டுவருவார், சங்கத்துத் துண்டறிக்கைகளைத்தான் மடியில் கட்டிக்கொண்டு வருவார். தஸ்நேவிஸ் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் வார்த்தைகளில் ஒன்று 'அறைகூவல்'. அந்தத் தொண்டையைத்தான் அவரும் திறந்தார், பழைய கம்பெனி வாசலில், கூட்டம் கலையக் கலைய. அங்கேயும், பறக்கும்போதுபோலவே, வேண்டியதற்கு மேல் அந்த ஐந்தைக் கூட்டினார். யாரும் அதைத் தப்பென்று அவரிடம் சொல்லவில்லை, சேதுவைத் தவிர. ஏன் இதெல்லாம் இப்போது? கீழே உப்பளங்கள் வந்துவிட்டன. வெயிலில் பாத்தி பாத்தியாக வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசவைத்தன. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியின் புகை கடலைப் பார்த்துச் சாய்ந்திருந்தது, மேல்காற்று அடிப்பதற்கு அத்தாட்சி. நல்லது. அதற்கு இந்தப் பக்கம், உப்பளத்து வரப்பில் யாரோ குப்பையைக் கொளுத்தியிருந்தார்கள். அந்தப் புகை தரையோடு தரையாக, ஊரைப் பார்த்து, மேற்கே ஓடிக்கொண்டிருந்தது.

அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் கண்ணை எடுத்து ஓடுபாதையில் வைத்தார். ஒரே வானத்தில் ஒரு புகை கிழக்கே போகிறது, ஒரு புகை மேற்கே போகிறது. மேலே கச்சான், கீழே கொண்டல். கடல் காற்று உள்ளே வந்துவிட்டது என்று கடற்கரையில் பிறந்த எந்தச் சின்னப் பிள்ளையும் சொல்லும், வெயில் ஏறிய மத்தியானத்தில் எல்லா நாளும் இல்லாவிட்டாலும் சில நாள் அது இப்படிப் பதுங்கி வந்து மேல்காற்றின் காலுக்குக் கீழே நுழைந்துகொள்ளும். அப்படியென்றால் இன்னும் கொஞ்சம் இறங்கியதும் முகத்தில் அடிக்கிற காற்று முதுகில் அடிக்கும். அப்படியென்றால் நூற்றுப் பத்தொன்பது என்ற கணக்கே வேறொரு காற்றுக்குப் போட்ட கணக்கு. கோபுரத்துக்காரர் மறுபடியும் ஆங்கிலத்தில் காற்றைப் படித்தார், மேற்கிலிருந்து பதினெட்டு, வீச்சு முப்பது. பாருங்கள், அதிகாரபூர்வமான காற்று. அவர்களுடைய காற்றுமானி ஓடுபாதையின் மேற்குக் கோடியில் நிற்கிறது, கொண்டல் அங்கே இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது, அவர்கள் பார்ப்பதை அவர்கள் சொல்கிறார்கள். தஸ்நேவிஸ் தாமும் பார்த்ததைச் சொல்லியிருக்கலாம். "நிலோஃபர், கீழே காத்து மாறியிருக்கு" என்று ஒரு வாக்கியம். நாக்கில் வந்தது. வந்த வாக்கியம் அவருடையதாக இல்லை. அது சேதுவின் வாக்கியம். அப்படியே, அதே வார்த்தைகள். வேலைநிறுத்தத்தின் நடுவில் ஒருநாள், தொலைபேசியில்: "தஸ், காத்து மாறியிருக்கு. பசங்க வீட்ல பேச ஆரம்பிச்சுட்டாங்க. கொடுக்கறதை வாங்கிட்டு உள்ள போயிடலாம்." எதை வாங்கிக்கொண்டு? ஓய்வில்லாமல் அடுத்தடுத்துப் பறக்க வைப்பதைக் கொஞ்சம் குறைப்பார்களாம், பரிசீலிப்பார்களாம். பரிசீலனை! முதலாளி அகராதியில் அதற்கு அர்த்தம் தெரியாதவன் சங்கத்துக்கு இணைச் செயலாளர். "காத்து மாறினா பாயைத் திருப்பிக்கறவன் மீன் பிடிப்பான் சேது. உரிமை பிடிக்க மாட்டான்" என்று தஸ்நேவிஸ் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார். மறுநாள் காலை சேது உள்ளே போனார், அவர் பின்னால் வரிசையாக எல்லோரும் போனார்கள், கழுத்தில் டையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு. வாசலில் மிச்சம் ஆறு பேர். அந்த வாக்கியத்தையா இப்போது அவர் வாயால் சொல்வது, அதுவும் அந்த ஆள் பிடரிக்குப் பின்னால் கிராம்பு மென்றுகொண்டிருக்கும்போது? விமானம் உப்பளத்தின் கடைசிப் பாத்தியைத் தாண்டியது.

யாரோ விரிப்பை இழுத்ததுபோல் இருந்தது. குலுக்கல் நின்றது, ஒரு கணம் எல்லாம் மெத்தென்று ஆனது, பட்டையில் எண்கள் கிணற்றுக்குள் விழுகிற வாளிபோல் இறங்கின, நூற்றிருபது, நூற்றுப் பதினாலு, நூற்றெட்டு. "ஸ்பீட்!" என்றாள் நிலோஃபர். அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் கை விசையைத் தள்ளியிருந்தது. இயந்திரங்கள் உறுமின.  பார்த்தாயா, ஐந்து இல்லாவிட்டால் நூற்றுமூன்றுக்குப் போயிருக்கும், பார்த்தாயா சேது, என்று ஒரு குரல் உள்ளே வெற்றி முழக்கம் போட்டது. அந்த முழக்கம் அடங்கும் முன்பே வேகம் திரும்பி ஏறிவிட்டது. நூற்றிருபது, நூற்றிருபத்தாறு. "ஸ்பீட்" என்றாள் மறுபடியும், இந்தத் தடவை மேலே போனதற்காக. இழுத்தார். இறங்கியது, ஆனால் போதாது. கீழே தரை ஓடிய ஓட்டம்தான் வித்தியாசமாக இருந்தது. முள்வேலி சடக்கென்று போனது, ஓடுபாதையின் வெள்ளைக் கோடுகள் அவசரமாக வந்தன. காற்றைப் பொறுத்து ஒரு வேகம், தரையைப் பொறுத்து ஒரு வேகம். எதிர்காற்று இருக்கும்வரை கையில் வைத்திருக்கும் கூடுதல் வேகத்தை அது தின்றுகொண்டே வரும், தரைக்கு அது தெரியாது. எதிர்காற்று செத்து, முதுகில் வேறு ஒன்று தள்ள ஆரம்பித்தால், சேர்த்து வைத்த அத்தனையும் தரையின் தலையில் விழும். பன்னிரண்டும் விழுந்தது, ஐந்தும் விழுந்தது. மூக்கை மெல்லத் தூக்கினார். சக்கரம் தரையைத் தொட வேண்டும். தொடவில்லை. விமானம் மிதந்தது. இறங்க மனமில்லாததுபோல், ஒரு சாண் உயரத்திலா ஓர் ஆள் உயரத்திலா, ஓடுபாதைக்கு மேலே மிதந்துகொண்டே போனது. இறங்க வேண்டிய இடத்து வெள்ளைப் பட்டைகள் மூக்குக்குக் கீழே வந்து, வயிற்றுக்குக் கீழே போயின. இறங்கிவிடும். இப்போது இறங்கிவிடும். இறங்கியதும் விசிறியைத் திருப்பி, பிரேக்கை மிதித்து, முடியும், எத்தனை தடவை நிறுத்தியிருக்கிறேன். பின்னால் எழுபது பேருக்குக் கொஞ்சம் குறைவாக உட்கார்ந்திருக்கிறார்கள், மூன்றாவது வரிசையில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி ஏறும்போதே "அண்ணே ரொம்ப ஆடுமா?" என்று கேட்டாள், ஆடாதும்மா என்று சொன்னேன். ஓடுபாதையின் பாதியில் கச்சான் இன்னும் உயிரோடு இருந்தது. முகத்தில் அறைந்து விமானத்தை இன்னும் ஓர் ஆள் உயரம் தூக்கியது. கோடி தெரிந்தது. கோடிக்கு அப்பால் உடைமரங்கள், அதற்கப்பால் செம்மண். முடியும். பின்னாலிருந்து சத்தமே இல்லை. கிராம்பு மெல்லும் சத்தம்கூட நின்றுவிட்டது. சொல்லேன்டா, வாயைத் திறந்து சொல்லேன், நீ சொன்னால்தான் நான்—

"கோ அரவுண்ட்" என்றாள் நிலோஃபர். கத்தவில்லை. கடையில் சில்லறை சரியாக இல்லை என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

வாய் பதில் சொல்வதற்கு முன்னால் கை செய்துவிட்டது. இரண்டு விசையும் முழுக்க முன்னே, மூக்கு மேலே, "கோ அரவுண்ட், ஃப்ளாப்" என்று அவர் குரலே அவருக்குக் கேட்டது, அவள் இறக்கை மடிப்பான ஃப்ளாப்பை ஒரு படி மடக்கினாள், உயரம் ஏறுகிறது என்றாள், சக்கரத்தை மேலே எடு என்றார், எடுத்தாள். உடைமரங்கள் கீழே போய்ச் சின்னதாகின. யோசிக்கவே இல்லை. அவள் சொன்னாள், கை செய்தது. அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கேப்டனுடைய கௌரவம் நுழைய இடமே இல்லாமல் ஒரு வாசகம் குறுக்கே நின்றது. சுற்றிப் போகலாம் என்று அறையில் இருக்கும் இருவரில் யார் சொன்னாலும் மற்றவர் கேள்வி இல்லாமல் அதைச் செய்ய வேண்டும். இறங்கிய பின்னும் ஏன் என்று எவரும் கேட்கக் கூடாது. இன்றைக்கு இந்தக் கம்பெனிப் புத்தகத்திலும் இருக்கும் இந்த வாக்கியத்தை, மையும் கிராம்பும் நாறிய சங்க அறையில் அவர்தான் எழுதினார். அந்தக் காலத்தில் பழைய கம்பெனியில் சுற்றிப் போனால் மறுநாள் மேலாளர் அறைக்குக் கூப்பிடுவார்கள், எண்ணெய் யார் அப்பன் வீட்டுச் சொத்து என்பார்கள், அந்தப் பேச்சுக்குப் பயந்தே எத்தனையோ பேர் இறங்கக் கூடாத இடத்தில் இறங்கினார்கள். "கேப்டன் சொன்னா சரி. பக்கத்துல இருக்கற சின்னப் பசங்க சொன்னாலும் கேக்கணுமா? இது ரொம்பத் தாண்டிப் போகுது தஸ்" என்றார் சேது. "தாண்டித்தான் போகணும்" என்றார் இவர். மற்றக் கோரிக்கைகளெல்லாம் காற்றில் போயின. கூட்டம் உள்ளே போன பிறகு, வாசலில் ஆறு பேர் வெயிலில் நின்ற கடைசி நாளில், முதலாளி இந்த ஒன்றுக்குத்தான் கையெழுத்துப் போட்டான், காகிதத்துக்குச் செலவில்லை என்று நினைத்திருப்பான். போட்ட கையோடு அந்த ஆறு பேரையும் வீட்டுக்கு அனுப்பினான். உரிமை உள்ளே போனவனுக்கு, அதை வாங்கிக் கொடுத்தவனுக்குத் தெரு. மூன்று வருஷம் ஒரு டுட்டோரியலில் பையன்களுக்கு விசையும் திசைவேகமும் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். பின்வாங்காமல் நின்றதால் கிடைத்தது பின்வாங்கும் உரிமை, அதை அவர் ஒருநாளும் தமக்கென்று பயன்படுத்தியதில்லை. இன்றைக்கும் அவரா பயன்படுத்தினார்? யோசித்தால் தலை சுற்றியது. யோசிக்க நேரமில்லை. கோபுரத்துக்காரர் அழைத்து, காற்று மாறிவிட்டது என்றார், கிழக்கிலிருந்து பத்து, வீச்சு இல்லை, மேற்குப் பக்கமிருந்து வந்து கடலைப் பார்த்து இறங்குகிறீர்களா?

இறங்குவதென்று சொல்லிவிட்டுச் சுற்றினார். கயத்தாற்றுப் பக்கம் காற்றாலைகள் இன்னும் மேற்கையே பார்த்துக்கொண்டு சுழன்றன, அவற்றுக்குச் சேதி போகவில்லை. நிலோஃபர் புதிய கணக்கைப் போட்டாள். வீச்சு இல்லை, ஆகவே எதிர்காற்றில் மூன்றில் ஒரு பங்கு, நூற்றேழோடு மூன்று. "நூத்திப் பத்து கேப்டன்." "நூத்திப் பத்து." குறியை வைத்தாள். விமானம் நேராகி, ஓடுபாதை எதிரில் வந்தது, இந்தப் பக்கமிருந்து பார்க்கும்போது அதன் கோடியில் உப்பளமும் அதற்கப்பால் கடலும் தெரிந்தன. கை அரித்தது. உண்மையிலேயே, உள்ளங்கையில் ஓர் அரிப்பு. தள்ளு, கொஞ்சம் தள்ளு, நூற்றுப் பதினைந்து, யாருக்குத் தெரியும். கீழே இன்னொரு காற்று இருந்தால்? மறுபடியும் மிதந்தால்? மறுபடியும் அவள் சொல்ல வேண்டிவந்தால்? ஒரு நாளில் இரண்டு தடவை, அதையும் இந்த ஆள் பார்த்தால்? அந்த ஐந்து செலினுக்கு இல்லை, பையனுக்கு இல்லை. மூன்றாவது வரிசைக் குழந்தைக்கும் இல்லை, அந்தக் குழந்தைக்கு வேண்டியது நூற்றுப் பத்துதான். பிடரிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறானே அவனுக்குத்தான் இத்தனை வருஷமாக அதைக் கூட்டிக்கொண்டு பறந்திருக்கிறேன், அவன் ஏறாத விமானத்தில்கூட. இதை நினைத்ததும் கோபம்தான் வந்தது, தெளிவு ஒன்றும் வரவில்லை. கோபத்தோடேயே கையை அங்கே வைத்திருந்தார். நூற்றுப் பத்து, நூற்றுப் பதினொன்று, நூற்றொன்பது, நூற்றுப் பத்து. கொண்டல் முகத்தில் ஈரமாக, ஒரே சீராக அடித்தது. முதல் வெள்ளைப் பட்டை வந்தது, மூக்கைத் தூக்கினார், சக்கரம் முணுமுணுத்துக்கொண்டு தரையைத் தொட்டது. பாதி ஓடுபாதை மிச்சம் இருந்தது. பின்னால் கதவுக்கு அப்பால் யாரோ இரண்டு பேர் கைதட்டினார்கள், மற்றவர்கள் சேர்ந்துகொள்ளவில்லை.

நிறுத்தி, இயந்திரங்களை அணைத்து, பட்டியலை வாசித்து முடித்ததும் நிலோஃபர் தொண்டையைச் செருமினாள். "சாரி சார். நான் கோ அரவுண்ட் சொன்னது என்னன்னா, அந்தப் பட்டையெல்லாம் தாண்டி—" "சொல்லாதே" என்றார் தஸ்நேவிஸ். குரல் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது. "ஏன் சொன்னேன்னு நீ சொல்லக் கூடாது. நானும் கேக்கக் கூடாது. அது ஷரத்து." அவள் முகம் மலர்ந்தது. "சேது சாரும் கிளாஸ்ல அப்படியேதான் சார் சொல்வார். இதே வார்த்தை. மனப்பாடமா ஒப்பிக்கச் சொல்வார்." தஸ்நேவிஸ் திரும்பவில்லை. ஒப்பிக்கச் சொல்வாரா. தாண்டிப் போகுது என்றவன் ஒப்பிக்கச் சொல்கிறானா. எந்தப் பெயர் போட்டுச் சொல்கிறான், தன் பெயரா, கடவுள் பெயரா? பின்னால் இடுப்புப் பட்டை கழலும் சத்தம் கேட்டது. "ஒப்பிச்சா போதாதும்மா" என்றார் சேது, கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு. "எழுதினவரே முன்னால உக்காந்திருக்காரு. சந்தேகம் இருந்தா அவரைக் கேட்டுக்க." நிலோஃபர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்த வாக்கியத்துக்காக தஸ்நேவிஸ் எத்தனை வருஷம் காத்திருந்தார், எத்தனை தடவை கண்ணாடி முன்னால் இதற்குப் பதிலை ஒத்திகை பார்த்திருக்கிறார், அத்தனை பதிலும் கூர் தீட்டியவை. எதிர்காற்றாக அடித்துக்கொண்டிருந்த பகை சட்டென்று இல்லாமல் போனதும் உடம்பு முன்னால் போய்க்கொண்டே இருந்தது. "உங்க பழைய அஞ்சு எங்கங்க? ரெண்டாவது தடவை காணோமே" என்றார் சேது. அப்படியானால் முதல் தடவை பார்த்திருக்கிறான். பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறான். "காத்து கேக்கல" என்றார் தஸ்நேவிஸ். "நீங்க ஏன் வாயத் திறக்கல? முதல் தடவை." "அறையில இருக்கற ரெண்டு பேர்ல ஒருத்தர்னு எழுதியிருக்கீங்க. மூணாவது ஆளுக்கு நீங்க இடம் வைக்கலையே, தஸ்" என்று சேது சொன்னார். தஸ் என்று கூப்பிட்டு எவ்வளவு காலமாயிற்று. தோளில் ஒரு கை வந்து தயங்கி நிற்பதுபோல் இருந்தது, வந்ததோ வரவில்லையோ, இவர் தோளைக் கொடுக்கவும் இல்லை, விலக்கவும் இல்லை. "பயணிங்க இறங்கட்டும்" என்றார். மூன்றாவது வரிசைக்காரி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படியில் இறங்குவது பக்கத்துச் சன்னலில் தெரிந்தது, முந்தானை மேற்கே பறந்தது. இயந்திரம் அணைந்து வெகுநேரம் ஆகிவிட்டது. ஆனாலும் இடதுபக்க விசிறி நிற்கவில்லை, கொண்டல் அதைப் பிடித்து மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. விசிறியைக் கட்டிப்போட ஆள் கயிற்றோடு வரும்வரை தஸ்நேவிஸ் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.